ஏடும் சீட்டும் பிரதியும்
மட்டக்களப்பு வாவிக்கரையில் நோயாளியின் பதிவேட்டு உரிமை: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்குமாம். இன்று வைத்தியசாலை ஒன்றினுள் கால்வைக்கும் எவரும் ஐந்தாவதாக ஒன்று அங்கே இடம்பிடித்திருப்பதைக் காண்பர். அதுவே பதிவேடு. நோயாளி யார், எப்போது வந்தார், என்ன நோய் என்று கருதப்பட்டது, எந்த மருந்து எந்த அளவிற் கொடுக்கப்பட்டது, எந்நிலையில் வீடு திரும்பினார் என்பனவெல்லாம் அதிலே எழுதப்படுகின்றன. நோயாளியைப் பற்றியே எழுதப்படும் இவ்வெழுத்து யாருக்கு உரியது? அதன் பிரதி ஒன்றைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டா? இவ்வினாக்களுக்கு நம் நாட்டில் விடை கிடைத்த வரலாற்றை, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தை மையமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

மன்னர் நிரலும் போர் நிரலுமே வரலாறு என்ற எண்ணம் இன்று வலுவிழந்துவிட்டது. ஒரு வைத்தியசாலைச் சீட்டும் வரலாற்றுச் சான்றே. அச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் யார், வைத்திருக்கக் கூடாதவர் யார் என்பது அச்சமுதாயத்தின் அதிகார அமைப்பை நமக்குக் காட்டும். இந்நோக்கில் நம் பிரதேசத்தின் மருத்துவ எழுத்து வரலாற்றை ஏடு, சீட்டு, பிரதி என மூன்று கட்டங்களாகப் பகுத்து நோக்கலாம்.

ஏட்டின் காலம்

வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் நெடுங்காலம் மக்களின் நோய் தீர்த்தவர்கள் பரிகாரிமார் ஆவர். விஷகடி வைத்தியம், முறிவு வைத்தியம், குழந்தை வைத்தியம் எனத் துறைவாரியாகக் குடும்பவழி அறிவு பேணப்பட்டது. அவ்வறிவுக்கு உறைவிடமாய் இருந்தவை ஓலை ஏடுகள். வடபுலத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்துடன் தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும் இம்மரபையே சேர்ந்தன.

இவ்வேடுகளைக் குறித்து இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. அவை நோயின் ஏடுகளேயன்றி நோயாளியின் ஏடுகள் அல்ல. நோயின் குணங்குறிகளும் மருந்துச் சரக்குகளும் செய்முறையும் அவற்றில் உண்டு. இன்ன ஊரில் இன்னாருக்கு இன்ன நாளில் இம்மருந்து கொடுக்கப்பட்டது என்ற குறிப்பை எழுதிவைப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. நோயாளியின் கதை பரிகாரியாரின் நினைவிலும் நோயாளியின் குடும்பத்தார் நினைவிலும் வாழ்ந்தது. ஆகவே நோயாளி தன் பதிவைக் கேட்டுப் பெறுவது என்ற பிரச்சினைக்கு அங்கு இடமிருக்கவில்லை. அதேவேளை ஏடு பரிகாரியாரின் வீட்டைவிட்டு வெளியே செல்லாது. மருத்துவ எழுத்து மருத்துவருக்குரியது என்ற மனப்பாங்கு மேனாட்டு மருத்துவத்தோடு நம்மிடம் வந்த புதுச்சரக்கு அன்று என்பதை இதனால் உணரலாம்.

சீட்டின் காலம்

பிரித்தானியர் ஆட்சியில் நிலைமை மாறியது. 1858இல் இலங்கையில் குடிசார் மருத்துவத் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1867இல் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது. இவ்வாறு அரசு குடிமக்களின் உடல்நிலையை எண்ணவும் எழுதவும் தொடங்கியது. இது இலங்கைக்கு மட்டும் உரிய போக்கன்று. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1863இல் வைத்தியசாலைகள் பற்றி எழுதிய நூலில், எல்லா வைத்தியசாலைகளும் ஒரே முறையிற் புள்ளிவிபரம் திரட்டவேண்டும் என வற்புறுத்தினார். அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் 1907இல் ஹென்றி பிளமர் என்னும் மருத்துவர், ஒரு நோயாளிக்கு ஒரே கோவை என்னும் முறையைப் புகுத்தினார். அதுவரை ஒவ்வொரு மருத்துவரின் பேரேட்டிலும் சிதறிக் கிடந்த குறிப்புகள் நோயாளியின் பெயரில் ஒன்றுசேர்ந்தன. கோவை நோயாளியின் பெயரைத் தாங்கிற்று. எனினும் அது நிறுவனத்தின் அலுமாரியிலேயே தங்கிற்று.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இதன் வடிவமே ‘பெட் ஹெட் ரிக்கற்’ என இன்றும் ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் கட்டில் தலைமாட்டுச் சீட்டு. வார்ட்டில் அனுமதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் இச்சீட்டுத் திறக்கப்படும். மருத்துவரின் குறிப்பு, தாதியரின் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் யாவும் இதிற் சேரும். நோயாளி வீடு செல்லும்போது ‘டயக்னோசிஸ் காட்’ எனப் பொதுமக்கள் கூறும் நோய்நிர்ணய அட்டை அவர் கையில் கொடுக்கப்படும். தலைமாட்டுச் சீட்டோ வைத்தியசாலையின் பதிவறைக்குப் போய்விடும். அட்டை என்பது சுருக்கம். சீட்டு என்பது முழுக்கதை. சுருக்கம் நோயாளிக்கும் முழுக்கதை நிறுவனத்துக்கும் என்ற இப்பங்கீடே நமது பிரச்சினையின் மூலவேர் எனலாம்.

மருத்துவ எழுத்து வெறும் தகவல் அன்று, அது அதிகாரமும் ஆகும் என்பதற்கு மட்டக்களப்பு வாவியிலேயே ஒரு சான்று உண்டு. வாவியின் நடுவே உள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலை அமைக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்துவைப்பதற்கு வழிசெய்தது. ஒருவர் தம் வீட்டையும் ஊரையும் பிரிந்து நீர் சூழ்ந்த தீவொன்றிற் காலங்கழிக்க நேர்ந்ததற்கு அடிப்படையாய் அமைந்தது ஒரு மருத்துவரின் எழுத்தேயாகும். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த பன்மருந்துச் சிகிச்சை 1983 முதல் இலங்கையிற் கைக்கொள்ளப்பட்ட பின்னர், இந்நோய்க்காக மனிதரைத் தனிமைப்படுத்தும் தேவையே அற்றுப்போயிற்று. எனினும் தம் வாழ்வை மாற்றியமைத்த எழுத்தைத் தாமே வாசிக்க இயலாத தலைமுறைகள் இருந்தன என்பதை வரலாறு மறத்தலாகாது.

மொழியும் இங்கு ஒரு வேலியாயிற்று. தமிழில் மேனாட்டு மருத்துவம் எழுதமுடியும் என்பதை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நிறுவிக்காட்டினார். மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கியதுடன் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் அவர். அவர் 1873இல் தாயகம் திரும்பிய பின்னர் அம்முயற்சி வேரூன்றி வளரவில்லை. வைத்தியசாலை எழுத்து ஆங்கிலமாகவே நிலைத்தது. ஆகவே சீட்டுத் தலைமாட்டிலே தொங்கிய போதிலும் படுத்திருந்தவருக்கு அது வாசிக்கமுடியாத சீட்டாகவே இருந்தது.

தாயின் கையில் ஏடு

இப்பொதுப்போக்குக்கு மாறான மரபொன்றும் நம் நாட்டில் வளர்ந்து வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வழியில் விரிவடைந்த தாய்சேய் நலச் சேவையில், கருவுற்ற தாயின் பதிவு இரண்டாக எழுதப்படுகின்றது. ஒன்று பொதுச் சுகாதார மருத்துவமாதுவிடம் இருக்கும். மற்றையதைத் தாய் தன் வீட்டில் வைத்திருந்து கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுசெல்வாள். குழந்தையின் நிறை, தடுப்பூசி, வளர்ச்சி முதலியவற்றைக் கொண்ட சுகாதார விருத்திப் பதிவேடும் தாயின் பொறுப்பிலேயே விடப்படுகின்றது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோயாளரும் தத்தம் கிளினிக் கொப்பியைத் தாமே பேணுகின்றனர்.

பொதுமக்களிடம் மருத்துவப் பதிவைக் கொடுத்தால் தொலைத்துவிடுவர், தவறாக விளங்கிக்கொள்வர் என்பன பதிவை மறுப்பதற்கு உலகெங்கும் கூறப்பட்டுவந்த நியாயங்கள். படுவான்கரையின் குக்கிராமத்துத் தாய் ஒருத்தி தன் பிள்ளையின் பதிவேட்டைப் பெட்டியில் வைத்துப் பல ஆண்டுகள் காத்து, பள்ளியிற் சேர்க்கும் நாளில் எடுத்துக் கொடுக்கின்றாள். மேற்கூறிய நியாயங்களுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுமோ? அரசே தாயை நம்பி ஏட்டைக் கொடுத்துள்ளது. அந்நம்பிக்கையை வார்ட்டிற் படுத்த நோயாளிக்கும் நீட்டினால் என்ன என்பதே கேள்வி.

புயலும் அலையும் போரும்

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இக்கேள்வி ஏட்டுச்சுரைக்காய் அன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி இப்பிரதேசத்தின் கூரைகளைப் பெயர்த்தது. 2004 திசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோர ஊர்களை வாரிச் சென்றது. இவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கான போரும் இடப்பெயர்வும். வீட்டுப் பெட்டியிலிருந்த கொப்பியும் அட்டையும் பதிவேடும் இவ்வழிவுகளில் எத்தனை வீடுகளில் மறைந்தன என்பதை எண்ணிச் சொல்ல ஒருவராலும் இயலாது. வீட்டுப் பிரதி அழியும்போது நிறுவனத்தின் மூலப்பதிவு மட்டுமே எஞ்சும். அப்போது பிரதி கேட்கும் உரிமை வாழ்க்கைப் பிரச்சினையாகின்றது.

ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனையில் நடந்த நிகழ்ச்சி உலகறிந்தது. மீட்கப்பட்ட ஆண் குழந்தையொன்று கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது நோயாளியாகப் பதியப்பட்டது. பெயர் தெரியாமையால் அப்பதிவிலக்கமே குழந்தையின் பெயராயிற்று. பலர் உரிமை கோருவதாகச் செய்திகள் பரவின. நீதிமன்றத்தின் முன் வந்தவரோ ஒரே தம்பதியர். அவர்களே பெற்றோர் என்பது 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை மூலம் உறுதியான பின்னரே குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆவணம் அழிந்த இடத்தில் இரத்தமே ஆவணமாக வேண்டியதாயிற்று. மருத்துவப் பதிவு என்பது நோயைப் பற்றிய குறிப்பு மட்டுமன்று, ஒருவர் இன்னார் என்பதற்கும் அது சாட்சி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

போர்க் காயங்களின் கதையும் இத்தகையதே. இழப்பீடு கோருபவர் காயத்துக்குச் சான்று காட்டவேண்டும். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைந்தது. ஆனால் காயமோ அதற்கு முன் இருபது, முப்பது ஆண்டுகளின் பழையது. புலம்பெயர்ந்த நாட்டில் அடைக்கலம் கோரும் ஒருவருக்கும், அங்குள்ள மருத்துவரிடம் தம் பழைய சத்திரசிகிச்சையை விளக்கவேண்டிய ஒருவருக்கும் இதே தேவை எழுகின்றது. தாக்குதல், விபத்து ஆகியவற்றிற் காயமுற்றோரைப் பொறுத்தவரை, பொலிசார் வழங்கும் படிவத்திற் சட்ட மருத்துவர் எழுதும் முடிவு பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் செல்கின்றது. காயப்பட்டவர் கையில் எஞ்சுவது தழும்பு மட்டுமே.

உலக நீதிமன்றங்களின் தீர்ப்பு

பிற நாடுகளில் இவ்வுரிமை எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருங்க நோக்குவோம். ஐக்கிய இராச்சியத்தில் 1990ஆம் ஆண்டின் சுகாதாரப் பதிவுகளை அணுகும் சட்டம், 1991 நவம்பர் முதல் எழுதப்படும் கையெழுத்துப் பதிவுகளைப் பார்க்கவும் பிரதி பெறவும் நோயாளிக்கு உரிமையளித்தது. கனடிய உயர் நீதிமன்றம் 1992இல் மக்கினேனி எதிர் மக்டொனால்ட் வழக்கிற் பெரிதும் பேசப்படும் தீர்ப்பை வழங்கியது. தாள் மருத்துவருக்கு உரியது, தாளில் உள்ள செய்தியில் நோயாளிக்கு உரிமை உண்டு, ஆகவே பிரதி கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு மாறாக, 1996இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பிறீன் எதிர் வில்லியம்ஸ் வழக்கில், பொதுச் சட்டத்தின் கீழ் அத்தகைய உரிமை நோயாளிக்கு இல்லை எனத் தீர்த்தது. பின்னர் சட்டமன்றமே தலையிட்டு அவ்வுரிமையை வழங்கவேண்டி நேர்ந்தது.

இந்தியாவில் 1996இல் பம்பாய் உயர் நீதிமன்றம், இரகசியத்தைக் காரணங்காட்டி நோயாளிக்கே பதிவை மறுத்தலாகாது எனக் கூறியது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்கநெறி விதிகள், உள்நோயாளரின் பதிவை மூன்றாண்டு பேணவேண்டும் என்றும், கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தன.

மேற்காட்டியவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, இரகசியம் என்பது நோயாளியைப் பிறரிடமிருந்து காப்பதற்கே ஏற்பட்டது. அதனை நோயாளிக்கு எதிராகவே கதவடைக்கப் பயன்படுத்துவது அதன் நோக்கத்தைத் தலைகீழாக்குவதாகும். இரண்டாவது, இவ்வுரிமை தானாகக் கனிவதன்று. பல நாடுகளில் எழுத்திலமைந்த சட்டமே அதனைக் கொண்டுவந்தது.

பிரதியின் காலம்

இலங்கையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. அதனைச் செயற்படுத்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. அரசாங்க வைத்தியசாலைகள் இச்சட்டம் கூறும் பகிரங்க அதிகார சபைகளுள் அடங்குவன.

இச்சட்டத்தின் 5ஆம் பிரிவு சிலவகைத் தகவல்களை மறுக்கலாம் என்கிறது. அவற்றுள் மருத்துவப் பதிவும் ஒன்று. இதை மட்டும் வாசித்துவிட்டு நோயாளிக்கு உரிமையில்லை என முடிவுகட்டுவோரும் உளர். ஆயின் வாசகத்தின் பிற்பகுதி, சம்பந்தப்பட்டவர் எழுத்திற் சம்மதித்தாலன்றி என்று வரையறுக்கின்றது. தன் பதிவைத் தானே கேட்பவர் தன் சம்மதத்தையும் அக்கடிதத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டால் அத்தடை நீங்குகின்றது. மறுப்பதற்கெனத் தோன்றும் பிரிவே இவ்வாறு நோயாளியின் திறவுகோலாக அமைந்துள்ளது.

நடைமுறை கடினமானதன்று. வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அனுமதிக்கப்பட்ட திகதி, வார்ட்டின் இலக்கம், நோய்நிர்ணய அட்டை இருப்பின் அதிலுள்ள பதிவிலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் பதிவறையில் தேடுவது எளிதாகும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதனை எழுத்தில் வடிப்பது அலுவலரின் கடமை. எதற்காகக் கேட்கிறீர் என்ற காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படவேண்டும். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றிய கோரிக்கையாயின் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழும், கிராமப்புறத்துப் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழும் வருகின்றமையால், விண்ணப்பம் உரிய இடத்துக்கே செல்கிறதா என்பதை மட்டும் அவதானித்துக்கொள்ள வேண்டும்.

வரலாற்று மாணவரின் கண்ணோட்டத்தில் இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த பதிவுகளை அன்றிலிருந்து பத்தாண்டுகளுக்குக் குறையாமலும், அதன் பின் உருவாகும் பதிவுகளை அவை உருவான நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பேணவேண்டும் என அது விதிக்கின்றது. கோரிக்கையொன்று நிலுவையில் இருக்கும்போது அப்பதிவை அழித்தலாகாது. இதன்படி 2017 பெப்ரவரிக்கு முற்பட்ட சீட்டுகளுக்கு இப்பிரிவு உறுதிசெய்யும் காவல் 2027 பெப்ரவரியுடன் முடிவடையும். போர்க்காலத்தினதும் ஆழிப்பேரலைக் காலத்தினதும் சீட்டுகளுள் எஞ்சியவை இவ்வகையினவே. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டியவர் காலந்தாழ்த்தலாகாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அணுகும் உரிமையை அரச நிறுவனம், தனியார் நிறுவனம் என்ற வேறுபாடின்றி வகுத்தது. உடல்நலத் தரவை அது சிறப்பு வகையாகக் கொள்கின்றது. பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்த அச்சட்டம், தனியார் வைத்தியசாலைகளின் பதிவுகளைப் பொறுத்தவரை பெரிதும் எதிர்நோக்கத்தக்கது.

எஞ்சிய தடைகள்

சட்டம் பிறந்துவிட்டது, எனினும் மூன்று தடைகள் எஞ்சியுள்ளன. முதலாவது மொழி. 1987இன் 13ஆவது திருத்தமும் 1988இன் 16ஆவது திருத்தமும் தமிழுக்கு ஆட்சியுரிமை வழங்கின. ஆகவே விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழிற் கேட்கலாம். கிடைக்கும் பிரதியோ ஆங்கிலத்தில், அதிலும் சுருக்கெழுத்துக்களில் இருக்கும். கிறீன் வைத்தியர் தொடங்கிவைத்த பணி முற்றுப்பெறவில்லை என்பதையே இது காட்டுகின்றது.

இரண்டாவது தூரம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையில் வாவியைப் படகுப் பாதையினாலேயே கடந்தனர். பாலம் வந்தபின்னும் நாட்கூலி விவசாயி ஒருவர் பிரதி ஒன்றுக்காக மூன்று தடவை நகருக்கு வருவதாயின் மூன்று நாட் கூலியை இழக்கின்றார். நாளைக்கு வாருங்கள் என்ற ஒரு சொல்லே அவரைப் பொறுத்தவரை மறுப்பாகிவிடும்.

மூன்றாவது, இறந்தோரின் பதிவு. சம்மதம் தரவேண்டியவரே இல்லாதபோது என் செய்வது என்பதைச் சட்டத்தின் மேற்கூறிய வாசகம் சொல்லவில்லை. மறுக்கப்படத்தக்க தகவலாயினும் பொதுநலன் மேலோங்குமாயின் கொடுக்கவேண்டும் என்ற விதி உண்டு. எனினும், மகன் எப்படி இறந்தான் என்று அறியவிரும்பும் ஒரு தாய் பொதுநலனை நிரூபிக்கவேண்டி நேர்வது நீதியாகாது. ஐக்கிய இராச்சியத்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இறந்தவரின் பிரதிநிதிக்கும், இறப்பினால் உரிமை கோரத்தக்கவருக்கும் வெளிப்படையாகவே இடமளித்துள்ளது. அத்தகைய வாசகமொன்று நம் சட்டத்திலும் இடம்பெறவேண்டும்.

முடிவுரை

பரிகாரியாரின் வீட்டு ஏடாகவும், வைத்தியசாலை அலுமாரியின் சீட்டாகவும் இருந்த மருத்துவ எழுத்து இன்று நோயாளி கேட்டுப் பெறத்தக்க பிரதியாக மாறியுள்ளது. இம்மாற்றத்தை மருத்துவருக்கு எதிரான வெற்றியாகக் கொள்ளுதல் தவறு. நூற்றுக்கணக்கான நோயாளரை ஒருநாளிற் பார்த்து, அவ்வளவையும் எழுதிவைத்த மருத்துவரும் தாதியருமே இப்பதிவுகளின் ஆக்கியோர். அவர்தம் எழுத்து நோயாளியின் கைக்கு வரும்போதுதான் அவர்தம் உழைப்பும் முழுப்பயன் பெறுகின்றது.

உரிமை என்பது சட்டப்புத்தகத்தில் அச்சாவதால் மட்டும் நிறைவுபெறாது. கேட்பவர் இருந்தாலே அது உயிர்பெறும். கலைப்பீட மாணவராகிய நாம் கடிதம் எழுதவும் ஆங்கிலம் வாசிக்கவும் கற்றவர்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும், பழைய காயத்துக்கோ பழைய நோய்க்கோ சான்று தேடும் ஓர் அயலவருக்கு ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தல் கூடும். 2027 பெப்ரவரி தொலைவில் இல்லை. பதிவறைகளில் எஞ்சியிருக்கும் சீட்டுகளுள், கேட்கப்பட்டவை பிரதியாகும். கேட்கப்படாதவை கழிவுத்தாள் ஆகிவிடக்கூடும்.